பேர் வெட்டிய கடுதாசி

எங்கள் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஆளின் பேர் மட்டும் அல்ல. ஒரு நாள் வேலைக்கும் பேர் என்றுதான் சொல்வோம். பாதி நாள் செய்தால் அரைப் பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்தி வந்தாலோ, கொழுந்து குறைந்தாலோ, "இன்னைக்கு ஒனக்குப் பேர் இல்ல" என்று கணக்கப்பிள்ளை புத்தகத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார். அதைப் பேர் வெட்டுவது என்போம். பேர் வெட்டப்பட்டவள் அதற்குப் பிறகும் மலையில்தான் நிற்பாள். கூடை அவள் முதுகில்தான் தொங்கும். மழை அவள் மேலும்தான் பெய்யும். புத்தகத்தில் மட்டும் அவள் இல்லை.

கொம்பியூட்டரில் ஒன்றை அழித்தால் என்ன நடக்கிறது என்பது இந்தச் சொல்லை வைத்துத்தான் எனக்கு விளங்கியது. விளங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. என் மனைவி சாவதற்கு முன் தன் அக்காவுக்குச் சொல்லிய கடுதாசியை என் கையாலேயே பேர் வெட்டியிருந்தேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. கொட்டகலையில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கோயிலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய டைப் வகுப்பில் விரலைப் பழக்கியிருந்ததால், தலவாக்கலைக்குப் பக்கத்தில் பல தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த ஒரு காரியாலயத்தில் டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. மாதா கொடுத்த வேலை என்று என் மனைவி மெழுகுவர்த்தி ஏற்றினாள். எண்பதுகளின் கடைசியில் அந்த ஆபீஸுக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. பெரிய கிளாக்கர் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "நீதானப்பா டைப் அடிக்கிறவன், நீயே ஒக்காரு. கரண்டு அடிச்சா ஒன்னையவே அடிக்கட்டும்" என்றார்.

தோட்டம் தோட்டமாக வரும் கொழுந்து நிறையை, கிள்ளின பெண்களின் பேரோடு, மாதாமாதம் அதில் பதிவது என் வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு எழுத்துக்கு மேற்படாமல் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பேர் வைக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் வார்த்தை மனசில் நிற்காது. அதனால் கொழுந்து என்பதையே இங்கிலீஷ் எழுத்தில் K போட்டுத் தொடங்கி, பின்னால் வருஷம், மாதத்தின் எண்ணைப் போட்டு வைத்தேன்.

மெஷினைப் பார்க்கக் கண்டியிலிருந்து மாதம் ஒரு தடவை ஒரு சிங்கள மெக்கானிக் வருவார். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் நான் சிங்களத்தில் மரியாதையாக மாத்தயா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். கடைத்தெருவில் பொறுக்கிய தமிழ் அவருடையது. மரியாதையும் ஒருமையும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"அண்ணே, இந்தச் சத்தம் கேக்குதா? கர்ர் கர்ர் சொல்லுது. ஓடி ஓடிக் களைச்சுப் போச்சு. நீங்க இங்க வா, காட்டுறேன்."

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறைய வந்தன. மெஷினுக்குள்ளே ஒரு தட்டு சுழல்கிறது, அந்தத் தட்டு ஒரே அளவான அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றார். அறை என்றதும் எனக்கு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயம்தான் கண்ணில் வந்தது. வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், எல்லாம் ஒரே அளவு. புதிதாக ஒரு பெரிய குடும்பம் வந்தால் தோட்டத்தில் என்ன செய்வார்கள்? காலியாக இருக்கிற காம்பராவைக் கொடுப்பார்கள். மேட்டு லயத்தில் ஒன்று, ஆற்றோர லயத்தில் இரண்டு. அப்பன் இங்கே, கட்டிக்கொடுத்த மகன் அங்கே. மெஷினும் அப்படித்தான். ஒரு பதிவு ஒரே காம்பராவில் கொள்ளாவிட்டால் காலி கண்ட இடத்தில் எல்லாம் துண்டு துண்டாகப் போட்டுவிடும். முன்பக்கம் ஒரு பேர்ப் பட்டியல், யாருடைய முதல் துண்டு எந்தக் காம்பராவில் என்று. கூடவே ஒரு வழிப்புத்தகம், இந்தக் காம்பராவுக்கு அடுத்தது எது, அதற்கு அடுத்தது எது என்று. வாசிக்கும்போது அதைப் பார்த்துப் பார்த்து ஓடி ஓடிப் பொறுக்கும். அந்த ஓட்டம்தான் சத்தம்.

பிறகு ஒரு புரோகிராமை ஓடவிட்டார். கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி, சிதறிக் கிடந்த துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சேத்து வைக்கிற வேலை" என்று அதற்கு நானே ஒரு பேர் வைத்தேன். சேர்த்து வைப்பது என்பதை நான் நல்ல காரியமாக மட்டுமே நினைத்தேன்.

வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க அக்காவயும் அந்தப் பொட்டிக்குள்ள போடுங்க. இந்தியாவுல மண்டபம் கேம்புலருந்து கொண்டாந்து பக்கத்துக் காம்பராவுல வைக்கட்டும்."

"ஒங்கக்காவ வைக்கலாம். நீங்க ரெண்டு பேரும் போடுற சண்டைய எங்க வைக்கிறது?"

"அதயும் வைங்க. சண்ட போடவாச்சும் ஆளு வேணுமில்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள்.

அந்தச் சண்டையைச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் எங்கள் ஆட்கள் பிரஜாவுரிமை கேட்டு இந்தியாவுக்கு எழுதினவர்கள், இலங்கைக்கு எழுதினவர்கள் என்று இரண்டாகப் பிரிந்தார்கள். அவள் அக்கா புருஷன் இந்தியாவுக்கு எழுதியிருந்தான். என் அப்பா இலங்கைக்கு. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அக்காளும் தங்கையும் அதோடு இரண்டு தேசம். பாஸ்போட் வந்து அக்கா மூட்டை கட்டியபோது, அவர்கள் அம்மா விட்டுப்போன அம்மிக்குத் தகராறு வந்தது. மூத்தவள் எனக்குத்தான் என்றாள் அவள். கப்பலில் கல்லைத் தூக்கிக்கொண்டு போவாயா என்றாள் இவள். வார்த்தை தடித்தது. கடைசியில் அக்கா குழவியை மட்டும் பழஞ்சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மி இங்கே, குழவி அங்கே. என் மனைவி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போகவில்லை. மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. கோபத்தில் பதில் போடவில்லை. கோபம் ஆறிப் போட்டபோது, ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

கொம்பியூட்டர் வந்த வருஷமே என் மனைவியின் வயிற்றில் கட்டி என்று நுவரெலியாவில் சொன்னார்கள், கண்டியிலும் சொன்னார்கள். வெட்டிப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த அன்றே, "அக்காவுக்கு ஒரு கடுதாசி எழுதணும்" என்றாள்.

"அட்ரஸ் இல்லியே."

"நம்ம பங்குச் சாமிகிட்ட சொல்லியிருக்கேன். அவரு அங்க இருக்கிற சாமிமாருக்கு எழுதி விசாரிக்கிறாராம். அட்ரஸ் வர்றப்ப வரட்டும். நான் இருக்கிறப்பயே சொல்லி முடிச்சிடுறேன்."

அவளுக்கு எழுதப் படிக்க வராது. முதலில் ஒரு கொப்பியில்தான் எழுதினேன். எங்கள் காம்பராவின் தகரம் ஒழுகும். ஒரு பெருமழையில் கொப்பி ஊறி மை கரைந்து போயிற்று. அப்போதுதான் எனக்கு அந்தப் பெருமை பிடித்த யோசனை வந்தது. "ஆபீஸ் மெஷின்ல வச்சிர்றேன். மழையில நனையாது, எலி கடிக்காது" என்றேன்.

"பொட்டிக்குள்ள போட்டா அக்காகிட்ட எப்புடிப் போவும்?"

"அட்ரஸ் வந்ததும் பாத்து எழுதி அனுப்பிருவேன்."

"என்னமோ போங்க. கரண்டுக்காரரு நீங்க" என்று சிரித்தாள்.

முடிந்தபோது சொல்வாள். ஒரு நாள் நாலு வரி, ஒரு நாள் ஒரு பக்கம், சில நாள் ஒன்றுமே இல்லை. அதை மனசில் சுமந்துகொண்டு போய் மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துச் சேர்ப்பேன். கேட்டதை என் மனசு விடாது என்று நம்பியிருந்தேன். அடித்து முடித்ததும் அது மனசிலிருந்து இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. பதிவுக்கு நான் வைத்த பேர் KADUDASI. கடுதாசி. எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு எழுத்து. மாதா அளந்து கொடுத்த மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

ஆபீஸ் மெஷினில் சொந்தக் கடுதாசி வைத்திருப்பது யாருக்கும் தெரியாது. கொழுந்துக் கணக்குக்கு ஃப்ளொப்பியில் நகல் உண்டு. அந்த ஃப்ளொப்பி பெரிய கிளாக்கரின் அலுமாரியில் பூட்டி இருக்கும். கடுதாசிக்கு நகல் இல்லை.

தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். சாமி வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

நான் ஆபீஸுக்குத் திரும்பிய முதல் நாள், பெரிய கிளாக்கர் தோளில் கை வைத்து, "மெஷின்ல எடம் இல்லேங்குது. இதுவரைக்கும் பதிஞ்ச கொழுந்த எல்லாம் வெட்டிரு. அதுக்குத்தான் நகல் இருக்கே. பொறவு வீட்டுக்குப் போ" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. ஒவ்வொரு மாதமாக அழிக்க எனக்குத் தெம்பு இல்லை. மெக்கானிக் ஒரு குறுக்கு வழி சொல்லித் தந்திருந்தார். முதல் எழுத்தைப் போட்டு, பக்கத்தில் நட்சத்திரப் புள்ளி போட்டால், அந்த எழுத்தில் தொடங்குகிற எல்லாம் ஒரேயடியாகப் போகும். K அடித்தேன். நட்சத்திரம் அடித்தேன். மெஷின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கொழுந்துக்கும் K. கடுதாசிக்கும் K. டீ, லெட்டர் என்று இங்கிலீஷில் பேர் வைக்கிறவனுக்கு இந்தத் தவறு வந்திருக்காது. தமிழில் எழுதினாலும் வந்திருக்காது, கொவும் கவும் வேறு வேறு. தமிழை இங்கிலீஷ் உடுப்பில் நிறுத்தினவன் நான்.

அழித்தது எனக்குத் தெரியாமலே நாட்கள் போயின. முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, சாமி அங்கிப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். "கெடச்சிருச்சு. கோத்தகிரியில தேயிலத் தோட்டத்துலதான் இருக்காங்களாம். ஆண்டவர் கொஞ்சம் பிந்திட்டார்" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். அங்கேயும் தேயிலைதான் கிள்ளுகிறாளா என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் பகல், அட்ரஸையும் தபால் காகிதத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஷினின் முன்னால் உட்கார்ந்தேன். பட்டியலில் கடுதாசி இல்லை. மேலும் கீழும் பார்த்தேன். பிறகு K ஞாபகம் வந்தது.

அந்த நாட்களில் அரசாங்கத்தை எதிர்த்துத் தெற்கில் குழப்பம். பஸ் ஓடாத நாள் அதிகம். மெக்கானிக் வந்தே பல வாரம் ஆகியிருந்தது. போன் பெரிய கிளாக்கர் மேசையில் இருந்தது. கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். நான் தனியாக யோசித்தேன். யோசித்து, இந்தக் கதையில் இரண்டாவது பாவத்தைச் செய்தேன். கடுதாசி உடைந்து சிதறித்தான் கிடக்கிறது, அந்தச் சேத்து வைக்கிற வேலையை ஓடவிட்டால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துவிடும் என்று நம்பினேன். அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே ஓடவிட்டேன். கட்டங்கள் நகர்ந்தன. ஒன்று பக்கத்தில் ஒன்றாக அழகாக உட்கார்ந்தன. கடுதாசி வரவில்லை.

பஸ் ஓடத் தொடங்கி மெக்கானிக் வந்தபோது, பெரிய கிளாக்கர் சாப்பிடப் போகும்வரை பொறுத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணே. அழிச்சாப் பயம் இல்ல. பட்டியல்ல முதல் எழுத்து மட்டும்தான் போகும். உள்ள சாமான் அப்பிடியே இருக்கும். வேற ஆளு வந்து குடியேறும் வரைக்கும் இருக்கும்."

"பேர் வெட்டின மாதிரியா?"

"என்ன மாதிரி?"

சொன்னேன். கேட்டுத் தலையாட்டினார். "ஆமா. அது மாதிரிதான். ஆனா நீ அந்தப் புரோகிராம் ஓட்டினீங்களே. அது பேர் உள்ள ஆளத்தான் ஒழுங்கு பண்ணும். பேர் இல்லாத ஆள் இருக்கிற காம்பரா அதுக்குக் காலி. காலின்னு நெனச்சு அந்த எடத்தில வேற ஆளக் கொண்டாந்து வச்சிட்டுது."

அழிந்ததை மீட்கிற ஒரு ஃப்ளொப்பியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டார். பட்டியல் வந்தது. என் கடுதாசி அங்கே நின்றது. முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி, பிறகு ADUDASI. இதன் முதல் எழுத்து என்ன என்று மெஷின் என்னிடம் கேட்டது. K அடித்தேன். அந்த இடத்தில் இப்போது வேறு பதிவு இருக்கிறது, மீட்க முடியாது என்று பதில் வந்தது.

அவர் விடவில்லை. வழிப்புத்தகத்திலும் அதன் வரி துடைபட்டுவிட்டது என்றார். ஜெபமாலையின் நூல் அறுந்த மாதிரி என்று எனக்கு விளங்கியது. மணிகளில் மிச்சம் இருப்பவை தரையில்தான் கிடக்கும், எது எதற்குப் பின்னால் என்பதுதான் போயிற்று. காலிக் காம்பராக்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடலாம், கடுதாசியில் மட்டும் இருக்கிற ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

"அக்கா" என்றேன்.

AKKA என்று தேடினார். நிறைய வந்தது. எல்லாம் வெட்டின கொழுந்துக் கணக்கு. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் எங்கள் பெண்களின் பேர்களில் பாதிக்குள் ஓர் அக்கா ஒளிந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அண்ணே, தோட்டத்தில எல்லாருமே ஒங்க மனிசிக்கு அக்காதான்" என்றார். சிரிக்க முயன்றார், பாவம்.

பிறகு குழவி என்றேன். KUZHAVI இல்லை. KULAVI இல்லை. நான் எப்படி அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடி அவள் குரலைக் கேட்டுப் பார்த்தேன். அவள் குழவி என்று சொன்னதே இல்லை. கொழவி. KOLAVI என்று தேடினார்.

வந்தது.

தட்டின் கடைசிப் பக்கம் கிடந்ததால் தப்பிய காம்பரா அது. அதற்குப் பக்கத்தில் தேடி இன்னொன்றும் கண்டுபிடித்தோம். அவ்வளவுதான். ஒரு காம்பராவுக்கு ஏறக்குறைய ஒரு பக்கம் கொள்ளும். அவள் மாதக்கணக்கில் சொன்னதில் இரண்டு பக்கம். ஒன்றில் சின்னவளின் புதுநன்மைப் பூசைக்கு அக்கா விட்டுப்போன வெள்ளைச் சேலையை வெட்டித் தைத்ததைச் சொல்லியிருந்தாள். மற்றது இப்படி முடிந்தது:

"கொழவிய நீ தூக்கிட்டுப் போனது எனக்கு வவுத்தெரிச்சலா இருந்துச்சு. இப்ப இல்ல. அம்மி இங்கனதான் கெடக்கு. வேற கொழவி போட்டா ஒக்கார மாட்டேங்குது. அக்கா, ஒரு நா நீ"

அதற்கு அடுத்த எழுத்திலிருந்து ஏதோ ஒரு தோட்டத்தின் மேல்மலைக் கொழுந்து நிறை. வரிசை வரிசையாக எண்கள்.

மெக்கானிக் அந்த இரண்டு பக்கத்தையும் அச்சடித்துத் தந்தார். பெரிய கிளாக்கர் வந்து எட்டிப் பார்த்து என்ன தாள் என்று கேட்டபோது, "டெஸ்ட் பேப்பர், ஐயா" என்று சொல்லி என் பையில் வைத்தார்.

அன்று மாலையே கோத்தகிரிக்கு எழுதினேன். இரண்டு துண்டுகளையும் அவள் சொன்னபடியே எழுதி, தொலைந்த இடங்களை வெறுமையாக விட்டேன். கீழே என் வார்த்தையில், எனக்கு ஞாபகம் இருந்த விஷயங்களை எழுதினேன். அதில் ஒன்று, அக்கா போன அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வராதவள், கோச்சி திரும்புகிற வளைவுக்கு மேலே தேயிலைக்குள் நின்று கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்தாள் என்பது. சொன்ன விஷயம் ஞாபகம் இருந்தது. சொன்ன வார்த்தைகள்தான் ஒன்றும் இல்லை.

பதிலை அக்காவின் மகள் எழுதியிருந்தாள். "சித்தப்பா, தேயிலைக்குள்ள நின்ன சங்கதியை அம்மா தினம் வாசிக்கச் சொல்லி அழறாங்க. கோச்சியில அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தாங்களாம். ஒரு விஷயம் கேக்கச் சொன்னாங்க. 'ஒரு நா நீ' அப்படின்னு நின்னு போச்சே, அதுக்கப்புறம் சித்தி என்னா சொன்னாங்க?"

என் பெரியவள் அதை வாசித்துவிட்டு, "'ஒரு நா நீ வரணும்'னு எழுதிருங்கப்பா. வேற என்னா சொல்லியிருப்பாங்க" என்றாள். சின்னவள், "இல்ல, ஒரு நா பெரியம்மா அம்மாவ அடிச்சாங்களாம்ல, அதத்தான் சொல்ல வந்திருப்பாங்க" என்றாள். இரண்டும் அவள் சொல்லக்கூடியதுதான். வரப்போகிற நாளா, போன நாளா என்பதுகூட அந்த வரியில் இல்லை.

அதை அடித்த பகல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே பனிமூட்டம். பக்கத்தில் ஆறிப்போன பிளேன்டீ. பெரிய கிளாக்கர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டு அவசர அவசரமாக முடித்தேன். எல்லாம் இருக்கிறது. அந்த மிச்ச வரி மட்டும் இல்லை.

செத்தவள் வாயில் என் வார்த்தையை வைக்க எனக்கு மனசு வரவில்லை. தெரியவில்லை என்று எழுதினேன். அதற்குப் பிறகு கோத்தகிரியிலிருந்து வருகிற ஒவ்வொரு கடுதாசியின் கடைசியிலும் அதே கேள்வி இருக்கும். இப்போதாவது ஞாபகம் வந்ததா, சித்தப்பா?

அம்மி எங்கள் அடுப்படியில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு பூசையிலும், அவள் ஆத்துமாவுக்கு வேண்டிக்கொண்ட பிறகு, அந்த வரியையும் கேட்கிறேன். எழுந்து வந்து, தெரியவில்லை என்றுதான் திரும்ப எழுதுகிறேன்.